கோழி தானா குடிச்சுக்கிடுமாம்ல!

டிஸ்கி: இது கோழிப் பதிவு. சமையல் குறிப்புன்னு நெனச்சு உள்ள வந்தவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க. குழம்பெல்லாம் இன்னொரு நாள். இன்னிக்குக் கொஞ்சம் சூடா இருக்கேன்.

போன ஜனவரி. நமக்கு ராத்திரி ஏழரை மணி, அமெரிக்கா மினசோட்டாவுல காலைல எட்டு. வழக்கமான பொட்டி தட்டுற சமாச்சாரம், கான்ஃபரன்ஸ் கால் ஓடிக்கிட்டு இருக்கு. அந்தப் பக்கம் ஒரு பெரியவர், எங்கப்பா வயசு இருக்கும். திடீர்னு, "ஒரு பத்து நிமிசம் பொறுத்துக்கோங்க, கோழிக்குத் தண்ணி மாத்திட்டு வந்துடறேன். ராத்திரி ஹீட்டர் வேலை செய்யல, தண்ணி கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டார். வெளிய மைனஸ் இருபதுக்குப் பக்கத்துல குளிராம்.

எங்க டீம்ல எல்லாரும் ம்யூட்ல போட்டுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சோம். கோழிக்கு ஹீட்டராம்! அடுத்து ஸ்வெட்டர் போடுவாரா, மஃப்ளர் கட்டுவாரான்னு ஒருத்தன் ஆரம்பிச்சு வச்சான். இருக்கறதுலயே அதிகமா சிரிச்சது யாருன்னா... நாந்தேன். ஹி..ஹி..

மனுசன் திரும்பி வந்ததும் கொஞ்சம் நக்கலாவே ஒரு கேள்வி கேட்டு வச்சேன். அவர் சீரியஸா பதில் சொன்னார். வச்சிருக்கறதே ஆறு கோழி. காலைல கூட்டுலேருந்து இறங்கினதும் தண்ணியைத் தேடித்தான் போகும். தண்ணி இல்லேன்னா தீனியைச் சரியா எடுக்காது, தீனி எடுக்கலேன்னா முட்டை குறைஞ்சுரும். அதனால தகரப் பாத்திரத்துக்கு அடியில ஒரு சின்ன ஹீட்டர் தட்டு. அது மக்கர் பண்ணினா ரெண்டு ரப்பர் தொட்டி, ஒண்ணு உறைஞ்சா வெந்நி கலந்த இன்னொண்ணை மாத்தி வைக்கிறது. கடுங்குளிர் நாள்ல இது மூணு தடவை நடக்குமாம். "தண்ணி இல்லாம அதுகளை எப்படி விடறது?"ன்னு என்கிட்டயே திருப்பிக் கேட்டார். எனக்கு அப்ப அந்தக் கேள்வி உறைக்கலை.

சித்திரையில ஊருக்குப் போனப்ப உறைச்சது.

ஊர்னா கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ல கட்டபொம்மனைத் தூக்குல போட்ட ஊரு. பைபாஸ்ல நாகர்கோவில் போறவங்களுக்கு அது காத்தாடி ஊரு. காத்தாலையைச் சோதிச்சுப் பாக்குறதுக்குன்னே மத்திய அரசு நிலையம் ஒண்ணு அங்க இருக்கு, அந்தளவுக்குக் காத்து. மழை மட்டும் வராது. செங்கோட்டைக் கணவாய் வழியா மேகாத்து வரும், மேகத்துல இருந்த தண்ணியை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே இறக்கி வச்சிட்டு வெறுங்கையோட வரும். நம்ம கி.ரா. பொறந்த இடைசெவலும் பக்கத்துலதான். கரிசக்காட்டைப் பத்தி அவர் எழுதாததை நான் ஒண்ணும் எழுதிடப் போறதில்லை, கோழித் தட்டோட நிறுத்திக்கறேன்.

ஆச்சி வீட்டுக்குப் பின்னாடி ஒரு அலுமினியத் தட்டு கெடந்துச்சு. நல்ல உச்சி வெயில். தட்டுல ஒரு விரக்கடை தண்ணி. அடியில பாசி, மேல தூசி, ஓரத்துல கோழி எச்சம், நடுவுல செத்து மிதக்கிற ஒரு வண்டு. கோழி எல்லாம் வேலிக்கருவை அடியில ரெக்கையை விரிச்சு, வாயைப் பிளந்து, தொண்டை படபடன்னு அடிக்க நிக்குது. தட்டுல விரலை வச்சேன், சுரீர்னுச்சு. வீட்டுக்குள்ள காய்ச்சல் பாக்குற டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்துச்சு, அதை எடுத்துட்டு வந்து தட்டுல முக்கினேன் (சிரிக்காதீங்க, அப்புறம் நல்லாக் கழுவித்தான் வச்சேன்). 106 டிகிரி! தண்ணிக்குக் காய்ச்சல்!

கோழியோட உடம்புச் சூடே 106, 107 டிகிரிதான். தன் உடம்பை விட ஒரு பொட்டும் குளிர்ச்சி இல்லாத தண்ணியைக் குடிச்சு அது எங்கேருந்து சூட்டைத் தணிக்கும்?

"என்ன ஆச்சி, தண்ணி இப்படிக் கெடக்கு?"

"எப்படிக் கெடக்கு? தட்டு நெறைய இருக்குல்லா?"

"கோழி இதையா குடிக்கும்?"

"ஏலேய், அது தானா எங்கயாச்சும் போய்க் குடிச்சுக்கிடும். நீ உள்ள வந்து காத்தாடிக்குக் கீழ உக்காரு, ராசா."

அந்த மாசம் பொறிச்ச குஞ்சு பதினொண்ணு. நான் போனப்ப நாலு. காக்கா ஒண்ணைத் தூக்கிட்டுப் போச்சு. ரெண்டு, ஆட்டுக்கு வச்ச ஆழமான சருவத்துல தண்ணி குடிக்க எட்டிப் பாத்து உள்ள விழுந்து செத்துச்சு. மீதி நாலு? "வெக்கை கொண்டு போயிருச்சுய்யா"ன்னாங்க ஆச்சி.

வெக்கை கொண்டு போகலை மக்களே. நாமதான் அனுப்பி வச்சோம்.

மினசோட்டாக்காரருக்கு ஒரு வசதி இருக்கு. அவரோட பிரச்சினை கண்ணுக்குத் தெரியுது. தண்ணி உறைஞ்சு போச்சுன்னா தட்டினா டங்குன்னு சத்தம் கேக்கும், கோழி அலகை வச்சுக் கொத்திட்டுப் பாவமா நிக்கும். குருடனுக்கும் தெரியும் அதைக் குடிக்க முடியாதுன்னு. நம்மூர்ல தட்டுல தண்ணி 'இருக்கு'. பளபளன்னு வேற இருக்கு. அது காய்ஞ்சு கெடக்குறதும், உப்புக் கரிக்குறதும், எச்சம் ஊறிக் கெடக்குறதும் கிட்டப் போய்க் கைய விட்டுப் பாத்தாத்தான் தெரியும். யாரு பாக்குறா? 'தண்ணி வச்சாச்சு'ன்னு மனசுல ஒரு டிக் அடிச்சிட்டு டிவி பாக்கப் போயிடறோம். நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா சர்வர் 'அப்'ன்னு பச்சை விளக்கு எரியுது, உள்ள ஒரு வேலையும் நடக்கலை.

இதை எழுத வச்சதே நம்ம பதிவுலக நண்பர் ஒருத்தர்தான். பேரு வேணாம், ஆட்டோ அனுப்பிடுவார். சென்னையில உக்காந்துக்கிட்டு 'செலவே இல்லாத நாட்டுக்கோழி'ன்னு ஒரு பதிவு போட்டிருந்தார். நாட்டுக்கோழிக்குத் தீனி வேணாம், தண்ணி வேணாம், தானே மேயும், தானே குடிக்கும், முட்டையை மட்டும் நாம எடுத்துக்கலாமாம். கீழ முப்பது நாப்பது பேர் 'அருமை', 'இதுதான் நம்ம பாரம்பரியம்', 'பின்னிட்டீங்க தல'ன்னு கும்மி. அண்ணே, கோபிச்சுக்காதீங்க. அந்தப் பதிவுல தப்பு அம்புட்டும் 'தானே' ங்கிற ஒரு வார்த்தையிலதான் இருக்கு.

தானே குடிக்கும். சரி, எங்க?

மாசி பொறந்துட்டா கரிசக்காட்டுல தண்ணி நிக்கிற இடம்னு ஒண்ணு கெடையாது. கம்மாய் வெடிச்சுக் கெடக்கும், வெடிப்புக்குள்ள கோழிக்குஞ்சு விழுந்தா எடுக்க முடியாது. அடுத்து நல்ல மழைன்னா ஐப்பசிதான். நடுவுல எட்டு மாசம்! அந்த எட்டு மாசமும் எங்க தெருக் கோழிங்க எங்க குடிக்குதுன்னு ஒரு நாள் முழுக்க வேலை வெட்டி இல்லாம பின்னாடியே போய்ப் பாத்தேன். ஒரு கூட்டம் வாறுகால்ல. சோப்பு நுரை, பாத்ரூம் தண்ணி, சின்னப் பிள்ளைங்க இருந்துட்டுப் போனது, எல்லாம் கலந்த அந்தக் கறுப்புக் குழம்பை மூக்கை நுழைச்சுக் குடிக்குது. இன்னொரு கூட்டம் வாஷிங் மெஷின் குழாய் வந்து விழற குழியில. ஒரே ஒரு சேவல் மட்டும் புத்திசாலி, குழாயடியில பொம்பளைங்க குடத்தை எடுத்த உடனே சிமெண்டுத் தரையில தேங்கின சொட்டைக் குடிச்சிட்டு ஓடிரும். அதுக்கும் குழாயில தண்ணி வர்ற நாள்ல மட்டும்தான் யோகம்.

இதுக்குப் பேரு மேய்ச்சலாம், சுதந்திரமாம்.

நாமக்கல் பண்ணையில கோழியைக் கூண்டுல அடைச்சு வச்சிருக்காங்கன்னு நாம எல்லாரும் கண்ணீர் விட்டு எழுதறோம். நானும் எழுதியிருக்கேன். அந்தக் கூண்டு கொடுமைதான், மாத்துக் கருத்தே இல்லை. ஆனா அந்தக் கோழிக்கு அலகு எட்டுற தூரத்துல நிப்பிள் இருக்கு, தட்டினா சொட்டுச் சொட்டா நல்ல தண்ணி வருது. வெயில் ஏறினா கூரை மேல தண்ணி தெளிக்கிற பண்ணைங்க இருக்கு. காரணம் கருணை இல்லை, கணக்கு. தண்ணி நின்னா அந்த நாளே தீனி இறங்கும், மறுநாள் முட்டை இறங்கும்னு மொதலாளிக்குத் தெரியும். நம்ம 'சுதந்திர'க் கோழிக்கு அந்தக் கணக்குக் கூட யாரும் போடறதில்லை.

சரி, கணக்குப் போடுவோம்.

கோழிக்கு வேர்வைச் சுரப்பி கெடையாது. சூடு ஏறினா அதுக்கு இருக்கிற பெரிய வழி வாயைப் பிளந்து மூச்சு இறைக்கிறதுதான். மூச்சோட ஈரம் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துட்டுப் போகுது. ஒரு கிராம் தண்ணி ஆவியாகறதுக்கு ஏறக்குறைய 580 கலோரி சூடு வேணும், அதை உடம்புலேருந்து எடுக்குது. மண்பானைத் தண்ணி குளுகுளுன்னு இருக்கே, அதே டெக்னாலஜி. பானை வெளிய கசியுது, கோழி தொண்டையில கசியுது. காலிப் பானை குளிருமா? தண்ணி இல்லாத கோழியும் அப்படித்தான்.

சாதாரண நாள்ல ஒரு முட்டைக்கோழி கால் லிட்டர் பக்கம் குடிக்கும். தின்ன தீனியைப் போல ரெண்டு மடங்கு எடைக்குத் தண்ணின்னு ஒரு தோராயக் கணக்கு. வெயில் 35 டிகிரியைத் தாண்டினா அது நாலு மடங்கு வரைக்கும் போகும், ஏன்னா தீனி குறையும், தண்ணி கூடும். ஆனா அந்தத் தண்ணி 30 டிகிரிக்கு மேல போகப் போக கோழிக்கு அதைக் குடிக்கப் பிடிக்காது. அதாவது ரொம்பத் தேவைப்படற நேரத்துலதான் நாம வைக்கிற தண்ணி குடிக்க லாயக்கில்லாமப் போகுது. ஒரு முட்டையில முக்கால்வாசி தண்ணிதான்! வாறுகால் தண்ணியைக் குடிச்சு அதுலேருந்து நமக்குச் சத்தான முட்டையைத் தரணும்னா கோழி என்ன மந்திரவாதியா?

அப்புறம் இந்தத் தோல் முட்டை. சித்திரையில முட்டை ஓடு காகிதம் மாதிரி ஆயிடுது, எடுக்கும்போதே உடையுதுன்னு சொல்லுவாங்களே? ரொம்ப இறைச்சு இறைச்சு மூச்சு விடறப்ப ரத்தத்துல கரியமில வாயு குறைஞ்சிடுது. ஓடு செய்யறதுக்கு அது வேணும், அதான் ஓடு மெலியுது. ஆச்சி அதுக்குக் கண்ணேறுன்னு பேரு வச்சு மொளகாய் சுத்திப் போட்டாங்க.

இங்கதான் வழக்கமான எதிர்க்கட்சி வக்கீல் வருவார். "மனுசனுக்கே குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல கோழிக்கு என்னய்யா கேடு?"

நியாயமான கேள்வி. கோவில்பட்டிப் பக்கம் தண்ணிக் கஷ்டம் என்னன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். அந்த டவுனே எங்கேயோ சீவலப்பேரியில ஓடற தாமிரபரணியைக் குழாய் போட்டு இழுத்துத்தான் குடிக்குது. லாரிக்குப் பின்னாடி குடத்தோட ஓடின பரம்பரைதான் நானும். ஆனா பத்துக் கோழிக்குக் கடும் வெயில்ல ஒரு நாளைக்கு எவ்ளோ? அஞ்சு லிட்டர். பழைய மாடல் கக்கூஸ்ல ஒரு தடவை ஃப்ளஷ்ஷை அமுக்கினா பத்து லிட்டர் போகுது. காலைல தட்டைக் கழுவிக் கொட்டற தண்ணியும் முருங்கைக்கோ கருவேப்பிலைக்கோதான் போகுது. தண்ணி இல்லாததால நாம வைக்காம விடலை. அது கணக்குலயே வராததால விட்டிருக்கோம்.

அடுத்த வக்கீல்: "அந்தக் காலத்துல யாரு கோழிக்குத் தண்ணி வச்சா? நல்லாத்தானே வளந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு நானும் ரொம்ப நாள் பதில் இல்லாம இருந்தேன். ஆச்சிகிட்டயே கேட்டேன், "நீங்க சின்ன வயசுல தண்ணி வச்சீங்களா?"ன்னு. "நாங்க எங்க வச்சோம், மாட்டுத் தொட்டியிலதான் குடிக்கும்"னாங்க. சொல்லிட்டு அவங்களே கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க.

அதான் விசயம். அன்னிக்கு வாசல்ல கல்தொட்டி இருந்துச்சு. ரெண்டு உழவு மாடு, ஒரு பசு. காலையும் சாயங்காலமும் தொட்டியில கழனி, குளுதாடியில தண்ணி. மாடு குடிச்சுச் சிந்தினது கீழ தேங்கும், கோழி அங்க நிக்கும். தோட்டத்துல கமலை இறைச்ச காலத்துல வாய்க்கால்ல நாள் முழுக்கத் தண்ணி ஓடும். கெணத்தடி, துவைகல், வீட்டுக்குப் பின்னாடி ஆட்டுரல் கழுவின தண்ணி, எங்க திரும்பினாலும் ஒரு வாய் தண்ணி. யாரும் கோழிக்குன்னு வைக்கலை, ஆனா கோழிக்குக் கெடைச்சுச்சு. இப்ப மாடு போச்சு, டிராக்டர் வந்துச்சு. தொட்டி போச்சு. கமலை போய், போர்வெல் வந்து, தண்ணி குழாய்க்குள்ளயே ஓடுது. வாசல் சிமெண்டு. ஆட்டுரலுக்குப் பதிலா கிரைண்டர், அதைக் கழுவினா தண்ணி நேரா சிங்க் வழியா வாறுகாலுக்கு. எல்லாத்தையும் நாம எடுத்துட்டோம், கோழியை மட்டும் 'பாரம்பரியம்'ன்னு அங்கயே நிக்க வச்சிருக்கோம். பாரம்பரியம் பேசற அண்ணாச்சிமார்கள் எல்லாரும் மொதல்ல வாசல்ல ஒரு தொட்டியைத் திரும்பக் கட்டுங்க, அப்புறம் பேசலாம்.

சூட்டை விட மோசமான இன்னொரு கதை உப்பு. கரிசல்ல நெறைய போர்வெல் தண்ணி உப்புத்தான். மனுசன் வாயில வச்சதும் துப்பிட்டு, "சரி, கோழிக்கு ஊத்து"ம்பான். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1974-லயே இதுக்கு வரையறை போட்டுட்டாங்க. லிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்குக் கீழ கரைஞ்ச உப்பு இருந்தா பயமில்லை. 3000 வரைக்கும் குடிக்கலாம், ஆனா கழிச்சல் தண்ணியாப் போகும். 3000-க்கு மேல வளர்த்தி குறையும், சாவு கூடும். 5000-க்கு மேல கோழிக்கு ஆகவே ஆகாது. இதுல நம்மூரு ட்விஸ்ட் என்னன்னா, உப்புத்தண்ணி குடிச்சு நீராக் கழியற கோழியைப் பாத்ததும் 'ஐயோ, வெள்ளைக்கழிச்சல்'னு பயந்து கெடைச்ச மாத்திரையை எல்லாம் கரைச்சு ஊத்துவாங்க. எதுல? அதே உப்புத்தண்ணியில! அவ்வ்வ்...

நெசமான வெள்ளைக்கழிச்சல் வேற. 1928-ல ராணிக்கெட்ல கண்டுபிடிச்சதால ராணிக்கெட் நோய்னு நம்ம நாட்டுல பேரு. அதுக்கு மருந்து கெடையாது, தடுப்பூசிதான். வழக்கமா பிப்ரவரியில கால்நடைத் துறை முகாம் போடுது, ஊசிக்குக் காசு இல்லை, கண்டிப்பாப் போடுங்க. ஆனா ஊசி போட்டாச்சுன்னு நிம்மதியாப் போய் வாறுகால்ல விட்டுட்டா எப்படி? எச்சம் விழுந்த தண்ணி வழியா பரவற சீக்கு அது ஒண்ணு மட்டுமா?

'அப்ப மார்கழியில பிரச்சினை இல்லைல்ல?'ன்னு கேக்கறீங்களா? ஊட்டியில தலைகுந்தா பக்கம் டிசம்பர், ஜனவரியில புல்லு மேல வெள்ளை வெளேர்னு உறைபனி படியும், அங்க கோழி வச்சிருக்கவங்க காலைல தட்டுல ஐஸ் ஏட்டைப் பாத்திருப்பாங்க. கயத்தாறுல அது நடக்காது. எங்க குளிர்காலப் பிரச்சினை சகதி. ஐப்பசி, கார்த்திகையில மழை விழுந்ததும் கரிசல் களியாயிடும், தண்ணி கீழ இறங்காது, மாட்டுக் குளம்படி அளவு குழியில எல்லாம் கறுப்புத் தண்ணி நிக்கும். கோழிக்குக் கொண்டாட்டம், நமக்கும் சந்தோசம், தட்டைக் கவுத்தி வச்சிடுவோம். அந்தக் குழியிலதான் எல்லாக் கோழியோட எச்சமும். ஈரத்துல ரத்தக்கழிச்சல் கிருமி முத்தி, அதைக் குடிச்ச குஞ்சு ரெண்டு மூணு வார வயசுல ரத்தமாக் கழிஞ்சு சாயும். உடனே 'பனி கொண்டு போயிருச்சு'. வெயில்ல வெக்கை, மார்கழியில பனி. நாம மட்டும் எப்பவும் நிரபராதி!

சட்டம் தெரியுமா? 1960-ம் வருச மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11. வளர்க்கிற பிராணிக்குப் போதுமான தீனியும் தண்ணியும் நிழலும் குடுக்கலேன்னா அது வதை. மொத தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலேருந்து அம்பது ரூபாய் வரை! நாட்டுக்கோழி முட்டை அஞ்சு வாங்க முடியுமா அதுல? சட்டத்தைக் காட்டி ஆச்சியை மிரட்டினேன். "அம்பது ரூவாயை இந்தா பிடி, போலீசைக் கூட்டிட்டு வா"ன்னு சுருக்குப் பையை எடுத்தாங்க.

அந்தச் சுருக்குப் பைதான் எனக்கு மேட்டர். அதுல இருக்கறது சிறுவாட்டுக் காசு. நிலம் தாத்தா பேர்ல இருந்துச்சு, இப்ப மாமா பேர்ல. பருத்திக் காசு, உளுந்துக் காசு எதுவும் ஆச்சி கைக்கு வந்ததில்லை. ஆச்சிக்குன்னு அந்த வீட்டுல இருந்த ஒரே வரும்படி கோழியும் முட்டையும்தான். யாரையும் கேக்காம எடுக்கலாம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேணாம். நான் இன்ஜினியரிங் கவுன்சிலிங் அப்ளிகேஷன் வாங்கப் போன அன்னிக்கு, வீட்டுல ஆம்பளைங்க எல்லாரும் 'நாளைக்குப் பாப்போம்'னப்ப, ரெண்டு சேவலைச் சந்தைக்குக் குடுத்து என் கையில திணிச்சது ஆச்சி. கோழிக்கு ஹீட்டரான்னு கால்ல சிரிச்சேனே, அந்தக் கால்ல உக்கார வச்சதே கோழிதான். அதனால செத்த ஏழு குஞ்சைப் பத்தி 'போனாப் போகுது, கோழிதானே'ன்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வருது. உழவன் வயல்ல பயிர் காஞ்சா நியூஸ். கெழவி வீட்டுப் புறவாசல்ல குஞ்சு செத்தா அது நட்டம்னே யாரும் எழுத மாட்டாங்க.

நான் என்ன பண்ணினேன்னு கேப்பீங்க. பெரிய ராக்கெட் சயின்ஸ் எல்லாம் இல்லை. குயவர்கிட்ட ஒரு மண்கலயம், கலயத்து வாயை விட நாலு விரல் அகலமா ஒரு மண்தட்டு. கலயத்து விளிம்புலேருந்து அரை இஞ்சு தள்ளி ஒரு ஓட்டை. நெறைய தண்ணி ஊத்தி, தட்டை மேல மூடி, ரெண்டையும் சேத்துப் பிடிச்சுச் சட்டுனு கவுத்தணும். தட்டுல தண்ணி ஏறி ஓட்டை மூழ்கினதும் உள்ள காத்துப் போக வழியில்லாம நின்னுரும். கோழி குடிச்சு மட்டம் இறங்கினா ஒரு குமிழி உள்ள போகும், கொஞ்சம் தண்ணி வெளிய வரும். தட்டு விளிம்பு அந்த ஓட்டையை விட உசரமா இருக்கணும், அது ரொம்ப முக்கியம். மொத தடவை நான் அதைக் கவனிக்காம மொத்தத் தண்ணியையும் என் கால் மேலயே ஊத்திக்கிட்டேன். நாலு வருசம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் உட்பட படிச்ச லட்சணம் இது.

வேப்ப மரத்து நிழல்ல, ரெண்டு செங்கல் மேல, கோழி முதுகு உசரத்துக்கு வச்சேன், எச்சம் விழாது. குஞ்சுக்குத் தனியா ஆழமில்லாத தட்டு, உள்ள கூழாங்கல். காலைல ஒரு தடவை, உச்சிக்கு ஒரு தடவை தண்ணி மாத்தணும். ஆடியில மேகாத்து அடிக்கறப்ப ஒரு மணி நேரத்துல தட்டு முழுக்க மண்ணு, அப்ப இன்னும் ஒரு தடவை. தேங்கா நாரு போட்டுத் தேய்ச்சு வெயில்ல காய வைக்கணும், அதுக்கு ரெண்டு செட்டு இருந்தா நல்லது. தொட்டியில பிளீச்சிங் பவுடர் போடறவங்க, தடுப்பு மருந்தைத் தண்ணியில கலந்து குடுக்கற நாள்ல மட்டும் அந்தத் தண்ணியைத் தொடாதீங்க, குளோரின் மருந்தைக் கொன்னுரும். மொட்டைமாடிக் கறுப்பு டேங்க்குல உச்சி வெயில்ல பிடிக்கிற தண்ணியும் வேணாம், அது வெந்நிதான். வெடியக்காலம் பிடிச்சு மண்பானையில வச்சுக்கோங்க.

மறுநாள் உச்சிக்கு அதே தெர்மாமீட்டரை மண்தட்டுல வச்சேன். 'எல்'னு காட்டுச்சு. அதுல 90-க்குக் கீழ காட்ட நம்பரே இல்லையாம்!

இப்ப புதுப் பஞ்சாயத்து. போன வாரம் ஆச்சி போன்ல ஒரே புலம்பல். தெருவுல இருக்கிற கோழி அம்புட்டும் நம்ம கலயத்துக்குத்தான் வருதாம். எதித்த வீட்டு மதினி கோழி, மூணாவது வீட்டுச் சேவல், அணில், தவிட்டுக்குருவி, ஒரு நாய் வேற.

"உன்னாலதாம்லே. ஊருக்கோழிக்கெல்லாம் நான் தண்ணி சொமக்கேன்."

"மதினிகிட்ட ஒண்ணு வைக்கச் சொல்லுங்க ஆச்சி."

"சொன்னேன்லா. என்ன சொல்லுதா தெரியுமா? 'எங்க கோழி தானா எங்கயாச்சும் குடிச்சுக்கிடும் அத்தே'ங்கா!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல... வாறுகாலைப் போய்ப் பாருட்டின்னேன். நாளைக்குக் குயவர் வீட்டுக்குப் போறாளாம். அவளுக்கு ஓட்டை எங்க போடணும்னு நீயே போன்ல சொல்லிக் குடு, எனக்குச் சொல்லத் தெரியலை."